கிட்டார் செய்யவும் பழுதுபார்க்கவும் தேவையான கிளாம்புகளை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி

கிட்டார் செய்யத் தொடங்குகிறவர் பலகைக்கும் பசைக்கும் கணக்குப் போட்டு வைத்திருப்பார். ஒட்டிய இடத்தை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புக்குக் கணக்குப் போட்டிருக்கமாட்டார். உடற்பெட்டியை மூடும் நாளில்தான் முப்பதுக்கும் மேற்பட்ட கிளாம்புகள் ஒரே நேரத்தில் வேண்டும் என்பது தெரியவரும். அத்தனையையும் கடையில் வாங்கினால் மரத்துக்கு ஆன செலவை மிஞ்சிவிடும். எதை முதலில் செய்வது, எந்த அளவில் வெட்டுவது என்று சொல்ல ஆளில்லாமல் நான் அலைந்தது போதும். நீங்கள் அலையவேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிட்டாரின் முகப்பலகை ஏறத்தாழ 3 மி.மீ. தடிமன் உள்ள மென்மரம்; பக்கப்பலகை 2 மி.மீ. அளவே இருக்கும். மேசை நாற்காலி செய்வதற்கான கனத்த இரும்புக் கிளாம்பின் அழுத்தம் இங்கே தேவைப்படுவதில்லை. எண்ணிக்கை, உள்ளே எட்டும் நீளம், மரத்தில் தழும்பு பதிக்காத மென்மை ஆகிய மூன்றும்தான் வேண்டும். இந்த மூன்றையும் வீட்டில் செய்யும் கிளாம்புகள் நன்றாகவே தரும்.

1. முதலில் அளவுத்தாள் தயார் செய்யுங்கள்

கடைக்குப் போவதற்கு முன் ஒரு தாளில் உங்கள் கிட்டாரின் அளவுகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் செய்யவிருக்கும் கிட்டாரின் வரைபடம் கையில் இருந்தால் அதிலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். தேவையான அளவுகள் இவை: பெட்டியின் ஆழம் கழுத்துப் பக்கத்திலும் வால் பக்கத்திலும் எவ்வளவு, பக்கப்பலகையும் அதன் உள்விளிம்பில் ஒட்டும் பட்டையும் சேர்ந்து எவ்வளவு தடிமன், பெட்டியின் சுற்றளவு, ஒலித்துளையின் விட்டம், ஒலித்துளையின் ஓரத்திலிருந்து பிரிட்ஜின் (முகப்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் கட்டை) பின்விளிம்பு வரை உள்ள தூரம்.

பெரிய உடல் கொண்ட இரும்புத் தந்தி கிட்டாரில் வால் பக்க ஆழம் 120 மி.மீ.யைத் தாண்டும், நைலான் தந்தி கிட்டாரில் 100 மி.மீ. அளவில் நின்றுவிடும். சுற்றளவு பெரும்பாலும் ஒன்றரை மீட்டரை ஒட்டியிருக்கும். ஒலித்துளையிலிருந்து பிரிட்ஜின் பின்விளிம்பு வரை உள்ள தூரத்தைப் பலர் அளக்காமல் விட்டுவிடுகிறார்கள். அது 140 மி.மீ. வரை போகக்கூடும் என்பதால், வழக்கமான சி வடிவக் கிளாம்பு எதுவும் அங்கே எட்டாது.

2. பொருள்களும் செலவும்

மொத்தச் செலவில் பெரும்பங்கு மரைக்கம்பிக்கும் நட்டுகளுக்கும்தான் போகும். 6 மி.மீ. மரைக்கம்பி வழக்கமாக ஒரு மீட்டர் நீளத்தில் கிடைக்கும். அதை 200 மி.மீ. துண்டுகளாக வெட்டினால் ஒரு கம்பிக்கு ஐந்து கிளாம்பு வரும். நீண்ட போல்ட்டுகளை வாங்கினால் வெட்டும் வேலை மிச்சம், ஆனால் விலை கூடுதல். விரலால் திருகக்கூடிய இறக்கை நட்டு ஒரு முனைக்கும், சாதாரண நட்டு மறுமுனைக்கும், வாஷர் இரண்டு முனைக்கும் எனக் கணக்கிட்டு, ஐந்தாறு கூடுதலாகவே வாங்குங்கள். இறக்கை நட்டுக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் கைப்பிடி நட்டு வாங்கச் சொல்வார்கள். இந்த வேலைக்கு அது வீண்செலவு.

மற்றவை பெரும்பாலும் கழிவுப்பொருள்களே: 18 மி.மீ. பிளைவுட் துண்டுகள், பழைய சைக்கிள் டியூப், மிஞ்சிய பி.வி.சி. குழாய், பழைய தோல்பை, மரத்தாலான துணிக்கிளிப்புகள். கார்க் தாளை மட்டும் 3 மி.மீ. தடிமனில் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். கருவிகளில் ஆக்சா பிளேடு, அரம், டிரில், வட்டத்துளை ரம்பம் ஆகியவை இருந்தால் போதும்.

எல்லா வகையையும் ஒரே மூச்சில் செய்து அடுக்கவேண்டாம். கீழே உள்ள வரிசை வேலையில் தேவைப்படும் வரிசையை ஏறத்தாழ ஒட்டியது.

3. பலகைகளை நடுவில் இணைக்க ஆணிப்பலகை

முகப்பலகையும் பின்பலகையும் இரண்டு பாதிகளை நடுவில் ஒட்டி உருவாக்கப்படுபவை. இதற்குக் கிளாம்பே வேண்டாம். சமதளமான தடித்த பலகை ஒன்றில் மெழுகுத்தாளை விரித்து, நடுவில் 10 மி.மீ. உயரமுள்ள சட்டம் ஒன்றைப் படுக்கவையுங்கள். இரண்டு பாதிகளையும் அதன்மேல் கூரைபோல் சாய்த்து, இணையும் விளிம்புகள் உச்சியில் முட்டும்படி வைத்து, வெளி விளிம்புகளை ஒட்டிச் சட்டங்களை ஆணியடித்து நிறுத்துங்கள். பசையைத் தடவிய பின் நடுச்சட்டத்தை உருவிவிட்டுப் பலகைகளைக் கையால் கீழே அமுக்கினால், தட்டையாகும் பலகை தானே விளிம்புகளை ஒன்றோடொன்று நெருக்கிவிடும். அதன்மேல் மெழுகுத்தாளும் ஒரு நேரான கட்டையும் வைத்து எடையேற்றுங்கள். எடை இல்லாவிட்டால் இணைப்பு மேலே எழும்பும்.

4. உள்விளிம்புப் பட்டைக்குக் குழாய் வளையங்களும் துணிக்கிளிப்புகளும்

பக்கப்பலகையின் உட்புற விளிம்பில் ஒட்டும் பட்டைக்கு இரண்டு செ.மீ.க்கு ஒன்று வீதம் பிடி வேண்டும். அப்படியானால் ஒரு விளிம்பைச் சுற்றிலும் எழுபது எண்பது கிளிப்புகள் ஆகும். ஒரு பக்கத்தை ஒட்டி முடித்துப் பசை பிடித்த பிறகு மறுபக்கத்துக்கு மாற்றிக்கொள்ளலாம் என்பதால் நாற்பதுடன் தொடங்கலாம்.

மரத் துணிக்கிளிப்பின் கம்பிச்சுருளுக்கு முன்னால், வாய்ப்பகுதியின் மேல், ரப்பர் பேண்டை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றினால் பிடி கணிசமாக உயரும். பிளாஸ்டிக் கிளிப்புகளை வாங்கவேண்டாம். வாய் அகலாது, அகன்றாலும் நுனி மட்டுமே படும்.

இதைவிட எனக்குப் பிடித்தது குழாய் வளையம். 50 மி.மீ. பி.வி.சி. குழாயை 20 மி.மீ. அகலமுள்ள வளையங்களாக அறுத்து, ஒவ்வொரு வளையத்தையும் ஓரிடத்தில் குறுக்கே வெட்டிவிட்டால் சுருள்வில் போன்ற கிளாம்பு கிடைத்துவிடும். சுவர் தடித்த குழாயாகத் தேர்ந்தெடுங்கள். வெட்டிய உதடுகளை உப்புத்தாளால் தேய்த்து மழுக்குங்கள். கூரான உதடு மரத்தில் கோடு போடும். பசை பிடித்தவுடன் வளையங்களைக் கழற்றிவிடவும் வேண்டும். விரிந்த நிலையிலேயே நாள்கணக்கில் விட்டால் பிளாஸ்டிக் அந்த வடிவத்துக்குப் பழகி, பிடியை இழந்துவிடும்.

5. முகப்பலகை அழுத்தி: வளையும் குச்சிகளும் இரு தளங்களும்

முகப்பலகையின் உட்புறத்தில் ஒட்டும் பிரேஸ் சட்டங்கள் பலகையின் நடுவில் இருப்பதால், ஓரத்திலிருந்து எந்தக் கிளாம்பும் அங்கே எட்டாது. இதற்கான தீர்வு மிகப் பழையது: கீழே ஒரு தளம், மேலே ஒரு தளம், இரண்டுக்கும் இடையே உள்ள இடைவெளியைவிடச் சற்று நீளமான குச்சி. குச்சியை வளைத்து உள்ளே நிறுத்தினால் அது நிமிர முயன்று சட்டத்தை அழுத்தும்.

600 மி.மீ. சதுரத்தில் இரண்டு பலகைகளை எடுத்து, நான்கு மூலைகளிலும் 12 மி.மீ. மரைக்கம்பிகளை நிறுத்தி, மேலும் கீழும் நட்டு வைத்து இறுக்குங்கள். மரைக்கம்பியாக இருந்தால் மேல்தளத்தின் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். பிரேஸ் ஒட்டும்போது ஓர் உயரமும், பெட்டி முழுவதையும் உள்ளே வைத்து மூடும்போது வேறோர் உயரமும் தேவைப்படும். குச்சி 600 மி.மீ. நீளமென்றால், சட்டத்தின் மேற்பரப்பிலிருந்து மேல்தளம் வரை உள்ள இடைவெளி அதைவிட 15 முதல் 25 மி.மீ. குறைவாக இருக்கட்டும்.

குச்சியின் அழுத்தம் எவ்வளவு என்பதில்தான் புதியவர்கள் குழம்புகிறார்கள். ஒருமுறை வளைந்துவிட்ட குச்சியை இன்னும் கொஞ்சம் வளைத்தாலும் அது தரும் அழுத்தம் பெரிதாக மாறுவதில்லை; தடிமனும் நீளமும்தான் அதைத் தீர்மானிக்கின்றன. தடிமன் இரட்டிப்பானால் அழுத்தம் எட்டு மடங்காகும். நீளம் இரட்டிப்பானால் நான்கில் ஒரு பங்காகும். 600 மி.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், 5 மி.மீ. தடிமன் உள்ள நேர்நாரான வன்மரக் குச்சி ஏறத்தாழ 4 கிலோ எடைக்கு இணையாக அழுத்தும். பிரேஸ் ஒட்ட இது போதுமானது. உங்கள் குச்சி எவ்வளவு தருகிறது என்று அறிய, எடை பார்க்கும் தராசின்மேல் அதைச் செங்குத்தாக ஊன்றி, மேலிருந்து கையால் அமுக்கி வளைத்துப் பாருங்கள். வளைந்த நிலையில் தராசு காட்டும் எண்தான் விடை. ஒவ்வொரு குச்சியையும் இப்படிச் சோதித்து, மிகையாகவோ குறைவாகவோ அழுத்துபவற்றை ஒதுக்கிவிடுங்கள். சீவச் சீவ 4 கிலோவுக்கு இறங்கிவரும் குச்சிகளும் உண்டு என்பதால், தொடக்கத்தில் சற்றுத் தடிமனாகவே அறுத்துக்கொள்வது நல்லது.

கண்ணாடியிழைக் கம்பிகளையும் பயன்படுத்தலாம். அவை உடைவது குறைவு; ஆனால் வெட்டிய முனையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத சிராய்கள் கையில் ஏறும். ஆகவே கையுறை அணிந்து, முனைகளுக்கு ரப்பர் உறை போட்ட பிறகே தொடுங்கள்.

இங்கே உள்ள பொறிகள் மூன்று. முதலாவது, மேல்தளத்தின் வலிமை. இருபத்தைந்து குச்சிகள் சேர்ந்தால் 100 கிலோவுக்குக் குறையாத விசை மேல்நோக்கித் தள்ளும். ஒற்றை 18 மி.மீ. பிளைவுட் நடுவில் வளைந்து எழும். இரண்டு அடுக்காக ஒட்டுங்கள், அல்லது மேற்புறத்தில் குறுக்குச் சட்டங்களைத் திருகிவிடுங்கள். இரண்டாவது, குச்சி வழுக்குவது. பசை ஈரமாக இருக்கும்போது சட்டமே பக்கவாட்டில் நகரும் என்பதால், முதல் இரண்டு குச்சிகளைச் சட்டத்தின் இரு முனைகளில் வைத்து, இடத்தைச் சரிபார்த்து, பிறகே நடுவில் நிறுத்துங்கள். மூன்றாவது, உங்கள் கண்கள். நழுவிய குச்சி முகத்தை நோக்கித்தான் வரும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் இந்த அழுத்தியின் முன் குனியவே கூடாது.

6. பெட்டியை மூட உருளைக் கிளாம்புகள்

ஒரு மரைக்கம்பி, அதன் இரு முனைகளிலும் மரவட்டுகள், அவற்றை நெருக்க ஒரு நட்டு. இவ்வளவுதான் அமைப்பு. கம்பி பெட்டியின் வெளிப்புறத்தில் நிற்க, வட்டுகளின் ஓரம் மட்டும் முகப்பலகையையும் பின்பலகையையும் விளிம்பில் பிடிக்கும்.

வட்டுகளை 18 மி.மீ. பிளைவுட்டில் 40 முதல் 45 மி.மீ. விட்டத்தில் வட்டத்துளை ரம்பத்தால் அறுத்தெடுங்கள். ரம்பத்தின் நடு டிரில் போடும் துளையே பெரும்பாலும் 6 மி.மீ. கம்பிக்குப் பொருந்திவிடும். வட்டத்துளை ரம்பம் இல்லையென்றால் துடைப்பத்தின் தடித்த மரக்கைப்பிடியைத் துண்டு போட்டு, நடுவில் துளையிட்டுக்கொள்ளலாம். துளை தளர்வாக இருக்கக் கூடாது. அழுத்தம் வட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் விழுவதால், தளர்ந்த துளை உள்ள வட்டு சாய்ந்து, அதன் கூரான விளிம்பு முகப்பலகையில் பிறை வடிவத் தழும்பைப் பதித்துவிடும். மெல்லிய வட்டுகளைத் தவிர்க்கச் சொல்வதும் இதே காரணத்தால்தான்.

வட்டின் உட்பக்கத்தில் கார்க்கையோ தோலையோ ஒட்டி, ஓரத்தைக் கத்தியால் சீராக்குங்கள். கம்பியின் நீளக் கணக்கு எளிது: பெட்டியின் அதிகபட்ச ஆழம் 125, இரு பலகைகள் 6, இரு வட்டுகள் 36, கார்க் 6, நட்டுகளுக்கும் விரல் நுழையவும் 25 முதல் 30. கூட்டினால் 200 மி.மீ.

கம்பியை அறுப்பதற்கு முன் அதில் ஒரு நட்டை ஏற்றிவிடுங்கள். அறுத்து முடித்து, முனையை அரத்தால் சாய்வாகத் தேய்த்தபின் அந்த நட்டைக் கழற்றினால், சிதைந்த மரையை அதுவே திருத்திவிடும். இதைச் செய்யாதவர்கள் பசை உலர்ந்துகொண்டிருக்கும் நேரத்தில் நட்டு ஏறாமல் தவிப்பார்கள். கீழ்முனையின் நட்டை எபாக்சி பசையால் நிலையாக ஒட்டிவிட்டால், வேலையின்போது ஒரு பக்கம் மட்டும் திருகினால் போதும்.

சுற்றளவில் 50 மி.மீ.க்கு ஒன்று எனப் பார்த்தால் 30 முதல் 35 கிளாம்புகள் வேண்டும். பொருள்கள் தயாராக இருந்தால் ஒரு முழு நாளில் செய்து முடிக்கலாம்.

ஒரு முக்கிய எச்சரிக்கை: பக்கப்பலகைகளை, அவற்றின் வளைவைப் பிடித்துவைக்கும் வெளிப்புற அச்சுக்குள் வைத்தபடியே பெட்டியை மூடுகிறவர்களுக்கு இந்தக் கிளாம்பு உதவாது, கம்பி நிற்கவேண்டிய இடத்தில் அச்சு இருக்கும். அவர்கள் ஐந்தாம் படியில் சொன்ன அழுத்தியையே இதற்கும் பயன்படுத்தவேண்டும். ஆகவே எந்த முறையில் மூடப்போகிறீர்கள் என்பதைத் தீர்மானித்துவிட்டு மரைக்கம்பி வாங்குங்கள்.

7. ஓரப்பட்டைக்குச் சைக்கிள் டியூப்

ஓரப்பட்டை என்பது பெட்டியின் வெளி விளிம்பைச் சுற்றி ஒட்டும் மெல்லிய பட்டை. அதை இறுக்க, பழைய டியூபை நீளவாக்கில் 25 மி.மீ. அகல நாடாக்களாக வெட்டி, சோப்பு நீரில் கழுவி, உள்ளேயிருக்கும் வெள்ளைப் பொடியை நீக்குங்கள். இழுத்துச் சுற்றினால் வளைவான ஓரங்களில் வேறெந்தக் கிளாம்பும் தராத சீரான அழுத்தம் கிடைக்கும். இடுப்பு வளைவில் மட்டும் நாடா மரத்தைத் தொடாது. அங்கே ஒரு மரக்கட்டையைச் செருகி அதன்மேல் சுற்றவேண்டும்.

8. ஒலித்துளை வழியாகச் செய்யும் பழுதுவேலைக்கான கிளாம்புகள்

பழுதுபார்ப்பில் பெயர்ந்த பிரிட்ஜும் உள்ளே கழன்ற பிரேஸும்தான் அடிக்கடி வரும்.

இரும்புத் தந்தி கிட்டாரின் பிரிட்ஜில் ஊசித்துளைகள் இருப்பதால், முதல் துளையிலும் ஆறாம் துளையிலும் 4 மி.மீ. போல்ட்டுகளைச் செலுத்தி, உள்ளே ஒரு கட்டையும் வெளியே ஒரு கட்டையும் வைத்து இறக்கை நட்டால் இறுக்கலாம். உட்கட்டை பிரேஸ் சட்டங்களின்மேல் ஏறி உட்காரக் கூடாது. சட்டம் வரும் இடத்தில் பள்ளம் வெட்டிக்கொள்ளுங்கள். வெளிக்கட்டையின் அடிப்பக்கம் பிரிட்ஜின் மேல்வடிவத்துக்குப் பொருந்தவேண்டும். நடுவில் மட்டும் அழுத்தம் விழுந்தால் பிரிட்ஜின் இரு சிறகுகளும் ஒட்டாமல் நின்றுவிடும் என்பதால், சிறகுகளின்மேல் மெல்லிய ஆப்புகளைச் செருகி அழுத்தத்தை அங்கும் கொண்டுபோங்கள். பழைய பசையை முழுவதும் சுரண்டி, வெறும் மரம் தெரிந்த பிறகே ஒட்டவேண்டும். எவ்வளவு நல்ல கிளாம்பும் பழைய பசையின்மேல் புதிய பசையைப் பிடிக்கவைக்காது.

நைலான் தந்தி கிட்டாரின் பிரிட்ஜில் இந்தத் துளைகள் இல்லை. அதற்கு ஒலித்துளை வழியாக எட்டும் நீண்ட வாய்க் கிளாம்புகள் தேவை. அவற்றை அடுத்த படியில் சொல்லியிருக்கிறேன்.

கழன்ற பிரேஸை உள்ளிருந்து மேலே தள்ள ஒரு சிறு ஜாக்கி போதும். 70 மி.மீ. உயரமுள்ள கட்டையில் 7 மி.மீ. துளையிட்டு, அதில் 6 மி.மீ. போல்ட்டைத் தலை மேலே வரும்படி செருகி, கட்டையின் வாயில் அமரும்படி ஒரு நட்டை வையுங்கள். நட்டைத் திருகினால் போல்ட் எழும்பும். தலையின்மேல் கார்க் ஒட்டுங்கள். ஜாக்கியின் அடிக்கட்டை பின்பலகையின் வெறும் பரப்பில் நிற்கக் கூடாது. பின்பலகையின் பிரேஸ் சட்டங்கள் இரண்டின்மேல் பாலம்போல் ஒரு பட்டையை வைத்து அதன்மேல் நிறுத்துங்கள். சட்டம் பலகையைத் தொட்டபின் அரைச்சுற்றுக்கு மேல் திருகவேண்டாம். வெளியே ஒரு நேர்விளிம்பை வைத்துப் பார்த்து, முகப்பலகை புடைக்கத் தொடங்கினால் உடனே தளர்த்துங்கள்.

விரிசலுக்கு உள்ளே ஒட்டும் சிறு மரத்துண்டுகளைப் பிடிக்க, கார்க் ஒட்டிய நியோடைமியம் காந்தங்கள் இரண்டு, உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக, நன்றாக உதவும். பிரிக்கும்போது இழுக்காமல் பக்கவாட்டில் நகர்த்துங்கள். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியவர்கள் இவற்றைக் கையாளக் கூடாது.

9. நெம்பு மரக்கிளாம்பு: கடைசியாகச் செய்யவேண்டியது

புதியவர்கள் எல்லாரும் முதலில் ஆசைப்படுவது இதற்குத்தான். பார்க்க அழகாக இருக்கும், எடை குறைவு, ஒரு கையால் இறுக்கலாம். ஆனால் நேரம் அதிகம் தின்பதும் இதுவே. நான்கு செய்தால் போதும்.

20 மி.மீ. அகலமும் 6 மி.மீ. தடிமனும் உள்ள உலோகப் பட்டை, 300 மி.மீ. நீளம். அதன் ஒரு முனையில் அசையாத தாடை, கீழே நகரும் தாடை. தாடைகளை மூன்று அடுக்காக ஒட்டுங்கள்: நடு அடுக்கு பட்டையின் தடிமனைவிடச் சற்றே கூடுதலாகவும், இரு பக்க அடுக்குகள் 10 மி.மீ. வீதமும். பட்டை நுழையும் இடத்தில் நடு அடுக்கை விட்டுவிட்டால், உளியால் துளை குடையும் வேலையே இல்லை. பட்டையிலிருந்து தாடையின் நுனி வரை 150 மி.மீ. இருந்தால் பிரிட்ஜை எட்டும்.

நகரும் தாடையில் நுனியிலிருந்து பட்டைக்கு 40 மி.மீ. முன்வரை நீளவாக்கில் ரம்பக்கீறல் போட்டு, 8 மி.மீ. தடிமனுள்ள நாக்கு ஒன்றைப் பிரித்தெடுங்கள். கீறல் முடியும் இடத்தில் முதலிலேயே 5 மி.மீ. துளை போடாவிட்டால் மரம் அங்கிருந்து பிளக்கும். நாக்குக்குக் கீழே, நுனியை ஒட்டி, 30 மி.மீ. விட்டமுள்ள நெம்புவட்டை, அதாவது திருப்பும்போது நாக்கை மேலே தள்ளும் வட்டை, ஓர் ஊசியில் பொருத்துங்கள். ஊசி வட்டின் மையத்திலிருந்து 3 மி.மீ. விலகியிருக்கவேண்டும், விலகலைக் கூட்டினால் எழுச்சி அதிகமாகும், ஆனால் வட்டு தானே திரும்பிக் கழன்றுவிடும்.

நகரும் தாடை பட்டையில் வழுக்காமலிருக்க இரண்டு எஃகு ஊசிகள் வேண்டும். இறுக்கும்போது தாடை சாயும் திசையைக் கவனித்தால் அவற்றின் இடம் விளங்கும்: அழுத்தும் முகத்தின் பக்கம் உள்ள ஊசி பட்டையின் பின்விளிம்பைத் தொடவேண்டும், எதிர்ப்பக்கத்து ஊசி முன்விளிம்பைத் தொடவேண்டும். மாற்றிப் பொருத்தினால் கிளாம்பு பிடிக்கவே பிடிக்காது.

10. பசையின் நேரமும் ஒத்திகையும்

வெள்ளை அல்லது மஞ்சள் மரப்பசை தடவிய பின் ஐந்து முதல் பத்து நிமிடங்களுக்குள் எல்லாக் கிளாம்புகளும் ஏறியிருக்கவேண்டும். விலங்குத்தோல் பசையானால் ஒரு நிமிடம் கிடைத்தாலே அதிகம். அறையையும் மரத்தையும் முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கிக்கொள்ளவேண்டும். ஆகவே பசை இல்லாமல் ஒருமுறை எல்லாவற்றையும் மாட்டி, கடிகாரம் பார்த்து ஒத்திகை நடத்துங்கள். உருளைக் கிளாம்புகளின் நட்டுகளை ஏறத்தாழத் தேவையான இடம்வரை முன்பே இறக்கிவைத்தால் பாதி நேரம் மிச்சமாகும்.

விரலால் திருகும் இறுக்கமே போதும், பிளையரைத் தொடாதீர்கள். இணைப்பின் நெடுகிலும் பசை சிறுமணிகளாகக் கசிந்தால் அழுத்தம் சரி. எங்காவது கசியவில்லையென்றால் அங்கே இன்னொரு கிளாம்பு வேண்டும் என்று பொருள். இருப்பதையே மேலும் இறுக்குவதால் பயனில்லை. மரப்பசைக்கு ஒரு மணி நேரத்தில் கிளாம்பைக் கழற்றலாம். பிரிட்ஜுக்கு மட்டும் 24 மணி நேரம் காத்திருந்து தந்தி மாட்டுங்கள்.

ஈரப் பசையும் இரும்பும் சேர்ந்தால் துவர்ப்புச்சத்து மிகுந்த மரங்களில் கறுப்புக் கறை இறங்கும். கம்பி மரத்தைத் தொடும் இடத்தில் மெழுகுத்தாளோ பாலித்தீன் தாளோ வையுங்கள். மென்மரத்தில் தழும்பு விழுந்துவிட்டால், மெருகு பூசுவதற்கு முன்னராயின், அந்த இடத்தில் ஈரத்துணியை வைத்து இஸ்திரிப்பெட்டியின் நுனியால் ஒரு கணம் தொட்டால் நார்கள் உப்பி எழும்.

வேலை முடிந்ததும் கார்க்கில் ஒட்டிய பசையை அன்றே சுரண்டிவிடுங்கள். காய்ந்த பசைமணி அடுத்த முகப்பலகையில் குழியாகும். மரைகளில் சிறிது மெழுகைத் தேய்த்து, உருளைக் கிளாம்புகளை ஒரு கம்பியில் கோத்துத் தொங்கவிட்டால் அடுத்த முறை நட்டு தேடவேண்டியிராது. எண்ணெய் தடவவேண்டாம், அது கார்க்கில் ஊறி மரத்துக்குப் போனால் அந்த இடத்தில் பசையும் பிடிக்காது, மெருகும் பிடிக்காது.